சாயம் பூசுமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்



விடுமுறை வந்தால் நம் தமிழ்ப்பள்ளிகளில் கூட்டுப்பணி களைகட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் சாய வாளிகளோடு வருவர். சுவர்களில் திருக்குறள் ஏறும். வள்ளுவரும் ஔவையாரும் புதுப்பொலிவு பெறுவர். நண்பகலில் நாசி லெமாக் பொட்டலங்களைப் பகிர்ந்துண்டு, படம் எடுத்துக்கொண்டு, மனநிறைவோடு வீடு திரும்புவோம். இவை யாவும் போற்றத்தக்கவையே. ஆயினும், அச்சுவர் எதனால் கட்டப்பட்டது, அதனுள் என்ன நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இக்கேள்வியை நானும் நெடுநாள் கேட்டதில்லை. கேட்காததன் விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கூட்டுப்பணி நடந்தது. சிற்றுண்டிச் சாலையின் பின்புறம் பழைய மிதிவண்டிக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் கூரை சாம்பல் நிறத்தில் அலையலையாய் இருக்கும் பழைய தகடுகளால் ஆனது. லோரியில் ஏற்றுவதற்கு எளிதாக இருக்கும் என்று பெற்றோர் சிலர் அவற்றைச் சுத்தியலால் உடைத்தனர். புழுதி எழுந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் துண்டுகளைச் சுமந்தனர். நான் அவர்களுக்குத் துடைப்பம் கொடுத்து, "நன்றாகக் கூட்டுங்கள்" என்றேன். கூட்டினார்கள். பாராட்டினேன். படங்கள் அறிவிப்புப் பலகையை அலங்கரித்தன.

மறு ஆண்டு, என் முன்னாள் மாணவர் ஒருவர் ஆசிரியர் தின விழாவுக்கு வந்திருந்தார். ஊராட்சி மன்றம் ஒன்றின் கட்டடப் பிரிவில் பணிபுரிபவர். அப்படங்களின் முன் வெகுநேரம் நின்றார்.

"டீச்சர், இந்தத் தகடுகளைச் சோதித்த பிறகுதான் உடைத்தார்களா?"

"பழைய தகடுதானே தம்பி, அதில் சோதிக்க என்ன இருக்கிறது?"

"பழையது என்பதுதான் டீச்சர் கவலை."

அவர் விளக்கியபோது என் கைகள் சில்லிட்டன. அத்தகடுகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருந்ததா இல்லையா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. துண்டுகள் என்றோ போய்விட்டன. ஒருவேளை இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால், ஒரு சிறு துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. நான் படித்த ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பாடநூலைக் கையாளக் கற்றேன். பாடம் நடக்கும் கட்டடத்தை வாசிக்கக் கற்கவில்லை.

கூரையில் ஒளிந்திருக்கும் நார்

கல்நார் என்பது பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்படும் நார்த்தன்மையுள்ள கனிமம். தீயைத் தாங்கும், துருப்பிடிக்காது, விலையும் மலிவு. ஆகவே சிமெண்டோடு கலந்து கூரைத் தகடுகளும் மேற்கூரைப் பலகைகளும் நீர்க்குழாய்களும் உலகெங்கும் செய்யப்பட்டன. தகடு முழுமையாக இருக்கும்வரை நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். உடைத்தாலோ, துளையிட்டாலோ, அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பரவி நுரையீரலுக்குள் புகுந்து தங்கிவிடும். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. நுரையீரலின் மேலுறையைத் தாக்கும் மெசோதெலியோமா என்னும் புற்றுநோய், நாரைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவது வழக்கம். பன்னிரண்டு வயதில் துடைப்பம் பிடித்த பிள்ளைக்கு அதன் கணக்கு நாற்பது, ஐம்பது வயதில்தான் வரும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆயுள் நீண்டு கிடப்பதால் அவர்களுக்கே இதில் ஆபத்து மிகுதி.

ஒரு தகட்டைக் கண்ணால் பார்த்து, "இதில் கல்நார் இல்லை" என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எனவே, பழைய சிமெண்டுத் தகடு என்றால் சோதனை முடிவு வரும்வரை அதில் கல்நார் உண்டு என்றே கருதி நடந்துகொள்ள வேண்டும். உடைக்கக் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது, வீட்டுக் குப்பையோடு எறியக் கூடாது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் கல்நார் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 201 என்று தனிக் குறியீடே உண்டு. அதாவது, அது குப்பையன்று. உரிமம் பெற்றோர் கையாள வேண்டிய கழிவு. கூட்டுப்பணியில் தொடக்கூடாத பொருள் ஒன்று உண்டெனில் அது இதுவே.

தட்டினால் பேசும் பொருள்கள்

கல்நாருக்குக் கண் உதவாது. ஆனால், கட்டடத்தின் மற்றப் பொருள்கள் பல, கேட்கத் தெரிந்தவருக்குத் தம் நிலையைத் தாமே சொல்லும். என் மாணவர் பள்ளியைச் சுற்றி வந்து எனக்குக் காட்டியவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

1. செங்கல்: நன்கு சுட்ட செங்கற்கள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; நகத்தால் கீறினால் தடம் விழாது. ஒருநாள் முழுவதும் நீரில் கிடந்தாலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் குடிக்காது. சுவரின் அடிப்பகுதியில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால், தரையிலிருந்தோ கசியும் குழாயிலிருந்தோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். அதன்மேல் புதுச்சாயம் பூசினால் ஆறு மாதத்தில் அது உரியும். சாயத்தைக் குறைகூறுவோம், குறை ஈரத்தில் இருக்கும்.

2. கான்கிரீட்டு: உள்ளே எஃகுக் கம்பி இருப்பதால்தான் உத்தரம் சுமை தாங்குகிறது. நல்ல கான்கிரீட்டு அக்கம்பியைத் துருவிடமிருந்து காக்கும். விரிசல் வழியே காற்றும் நீரும் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தம் கான்கிரீட்டை வெடித்துத் தள்ளும். உத்தரத்தில் பழுப்பு நிறக் கறை, கம்பியின் போக்கிலேயே நீளும் விரிசல், தட்டினால் வெற்றொலி: இம்மூன்றும் எச்சரிக்கைகள். கடலோரப் பள்ளிகளில் உப்புக் காற்று இவ்வேலையை விரைவுபடுத்தும். துருப்பிடித்தலை அறிவியல் பாடத்தில் ஆணியையும் நீரையும் வைத்துக் கற்பிக்கிறோம். தலைக்கு மேலிருக்கும் உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை.

3. மரம்: தோட்டப்புறப் பள்ளிகளின் பழைய வகுப்பறைகளில் பலகைச் சுவரும் மரச்சட்டமும் இன்றும் உண்டு. மலாய்மொழியில் 'செங்ஙல்' என்பது உறுதிமிக்க காட்டு மரம். தமிழில் 'செங்கல்' என்பது சுட்ட மண். பெயர் ஒத்திருப்பதால் மாணவர்கள் சிரிப்பார்கள். பாடம் நினைவில் நிற்கும். செங்ஙல் கரையானை வெகுகாலம் தாங்கும். மெராந்தி போன்ற இலகுவான மரங்கள் அவ்வாறு தாங்கா. தூணின் அடியிலோ சுவரோரத்திலோ மண்ணாலான மெல்லிய குழாய் போன்ற தடம் ஏறியிருந்தால் கரையான் உள்ளே போய்விட்டது. விரல் மடக்கித் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். மேலே சாயம் பளபளக்க, உள்ளே ஒன்றுமில்லாத சட்டங்கள் உண்டு.

4. தகரம்: தகரக் கூரையின் கீழ்ப் பாடம் நடத்தியவர்களுக்கு அதன் குணம் தெரியும். மழை வந்தால் ஆசிரியர் வாயசைப்பார், மாணவர் தலையசைப்பர். வெப்பமும் இரைச்சலும் தெரிந்தே இருக்கின்றன. தெரியாதது ஆணித் துளைகளைச் சுற்றிப் படரும் துரு. பெருங்காற்றில் தகரம் பறப்பது அங்கிருந்துதான் தொடங்கும்.

5. விரிசல்: எல்லா விரிசலும் ஆபத்தன்று. பூச்சில் தோன்றும் தலைமுடி அளவு கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதும், கல்வரிசையைப் பின்பற்றிப் படிக்கட்டுப் போல் ஏறுவதும் அடித்தளம் அசைவதைக் குறிக்கக்கூடும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் விரிசல் வளர்கிறது. இதற்கு ஒரு சென் செலவில்லை.

6. பழைய சாயம்: பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலரச் சுரண்டினால் எழும் தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. சுரண்டும் வேலை மாணவர்களுக்கு உரியதன்று.

இவற்றை அறிவதால் நாம் பொறியாளராகிவிட மாட்டோம். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கும் தாய் மருத்துவர் அல்லள். ஆனால், மருத்துவரிடம் எப்போது ஓடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆசிரியரும் பெற்றோரும் அந்த அளவுக்கு அறிந்தால் போதும்.

மலாக்காவில் வாழும் நமக்கு இப்பாடத்தைத் தொடங்க வெளியூர் போகவேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் 1511இல் நகரைக் கைப்பற்றியபின் எழுப்பிய ஆ ஃபமோசா கோட்டையில் இன்று எஞ்சி நிற்பது ஒரு வாயில் மட்டுமே. அதன் சுவரில் செம்பூராங்கல்லைக் காணலாம். இரும்புச் சத்து மிகுந்த அக்கல், வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும். சற்று நடந்தால் டச்சுக்காரர்களின் செங்கற் கட்டடங்கள். இன்னும் சற்று நடந்தால் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். ஆண்டுதோறும் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். ஆண்டுகளை மனனம் செய்விக்கிறோம். "இது என்ன கல்? ஏன் இங்குச் சிவப்பு, அங்குச் சாம்பல்?" என்று ஒரு முறையேனும் கேட்டால் வரலாறும் அறிவியலும் ஒரே சுவரில் கிடைக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு தொகுதி சரிந்தது. 48 பேர் மாண்டனர். பின்புற மலைச்சரிவில் நீர் ஒழுங்காக வடியாமல் மண் சரிந்ததே பேரிடருக்கு வழிவகுத்தது. அதன் பின்னர் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஐந்து மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளரைக் கொண்டு ஆராயச் செய்வது அதன் நோக்கம்.

ஐந்து மாடிக்கு மேல்! மலாக்காவின் எந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஐந்து மாடிக்கு மேல் இருக்கிறது? நம் பள்ளிகள் ஒரு மாடி, இரண்டு மாடி. உயரத்தை வைத்து அளக்கும் சட்டம் நம் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. ஆனால், உயிரிழப்புக்கு உயரம் தேவையில்லை. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் கருகினர். அது வானளாவிய மாளிகையன்று. கூரைப்பொருளும் குறுகிய படிக்கட்டும் எமனாயின. 2017 செப்டம்பர் 14இல் கோலாலம்பூர் சமயப் பள்ளி ஒன்றில் 23 பேர் தீக்கிரையாயினர். தீயை மூட்டியவர்கள் மீது வழக்கு நடந்தது வேறு செய்தி. வெளியேறும் வழி தடுப்புச் சுவரால் அடைபட்டிருந்ததும், சன்னல்களில் கம்பிகள் இருந்ததும் நாம் மறக்கக்கூடாத செய்தி.

நம் பள்ளிகளின் நிலை இன்னும் சிக்கலானது. பல தோட்டப் பள்ளிகள் தோட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமான நிலத்தில் நிற்பவை. அரசின் பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் ஓரிடம், நிலம் ஓரிடம், பழுதுபார்ப்பு வாரியத்தின் கையில் அல்லது நன்கொடையாளர் தயவில். கூரை யாருடையது என்ற கேள்விக்கே விடை காண மாதங்கள் ஆகும். நான் சிறுமியாக இருந்தபோது தோட்டத்து டிரசர் ஐயா லயத்தைச் சுற்றி வருவார். கால்வாயைப் பார்ப்பார், கொசு முட்டை இருக்கிறதா என்று வாளிகளைப் பார்ப்பார். அவர் வருகிறார் என்றாலே அம்மா வாசலைக் கூட்டிவிடுவார். கூரையைப் பார்க்க மட்டும் எவரும் வந்ததாக நினைவில்லை. லயம் போய்விட்டது, அப்பழக்கம் பள்ளியில் நீடிக்கிறது. சுத்தத்தைப் பார்க்கிறோம்; உறுதியைப் பார்ப்பதில்லை.

வாய் திறக்க ஏன் அஞ்சுகிறோம்?

இங்கு ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். விரிசலைக் கண்டும் பேசாத தலைமையாசிரியர்களை நான் அறிவேன். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர், அஞ்சுகிறார்கள். மாணவர் எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழ் இறங்கிய பள்ளியில், "கட்டடம் பாதுகாப்பற்றது" என்று ஒரு வரி எழுதினால் என்னவாகும்? கட்டடத்தை மூடுவார்கள், பிள்ளைகளைத் தற்காலிகமாக வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள், தற்காலிகம் நிரந்தரமாகும், பெற்றோர் அருகிலுள்ள தேசியப் பள்ளியில் சேர்ப்பார்கள், தமிழ்ப்பள்ளி ஒன்று பெயரளவில் மறையும். இந்த அச்சம் கற்பனையன்று. நானும் இவ்வச்சத்தைச் சுமந்தவள்தான்.

ஆயினும், அமைதியாய் இருப்பது பள்ளியைக் காக்கும் என்பதை நான் இனி ஏற்கமாட்டேன். பள்ளி என்பது பிள்ளைகள், சுவர் அன்று. தேதியிட்ட படங்களும், தொடர்ந்து எழுதிய கடிதங்களும், பொறியாளரின் அறிக்கையும் கையில் இருந்தால், புதிய கட்டடத்துக்கோ, மாணவர் மிகுந்த நகர்ப்புறத்துக்குப் பள்ளியை இடம் மாற்றவோ நாம் வலுவாகக் கேட்கலாம். தோட்டத்திலிருந்து குடியிருப்புப் பகுதிக்கு இடம்பெயர்ந்து மாணவர் பெருகிய தமிழ்ப்பள்ளிகள் நம் நாட்டில் உண்டு. ஆவணம் உள்ள பள்ளி உரிமை பேசும். ஆவணமற்ற பள்ளி இரந்து நிற்கும். விபத்து நேர்ந்தபின் மூடப்படும் பள்ளிக்காகப் பேச எவருக்கும் நா எழாது.

"ஆசிரியருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, இதுவுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆசிரியர் ஏணி ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஓர் அறையில் ஆண்டுக்கு இருநூறு நாள் வரை இருப்பவர் நாமே. விரிசல் முதலில் நம் கண்ணுக்குத்தான் தெரியும்.

என்ன செய்யலாம்?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் தாழ்மையான பரிந்துரைகள் இவை:

அ. ஆண்டுக்கு ஒருமுறை, சாய வாளி திறக்கும் முன், பள்ளியைச் சுற்றி ஒரு நடை. பெற்றோருள் கொத்தனாரும் தச்சரும் பற்றவைப்பவரும் நிச்சயம் இருப்பர். மேடையில் அமராத அவர்களை அன்று முன்னால் நடக்கவிடுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

ஆ. ஒரு குறிப்பேடு. கண்டது, இடம், தேதி, படம். தலைமையாசிரியர் மாறினாலும் குறிப்பேடு பள்ளியில் இருக்கட்டும்.

இ. ஐயத்துக்குரியதை எழுத்து வடிவில் மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் பொதுப்பணி இலாகாவுக்கும் தெரிவித்தல். வாய்மொழியாகச் சொன்னது சொன்னதாகாது.

ஈ. பழைய சிமெண்டுத் தகடு எதையும் சோதனையின்றித் தொடாதிருத்தல்.

உ. சங்கத்தின் நிதியில் ஒரு பகுதியைப் பதிவுபெற்ற பொறியாளரின் ஆய்வுக்கு ஒதுக்குதல். சுவரோவியத்துக்குத் திரட்டுகிறோம், சுவருக்கும் திரட்டுவோம்.

பிள்ளைகளின் கனவில் ஓர் இடம்

இறுதியாக ஒன்று. "எதிர்காலத்தில் நான்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்றே எழுதுகிறார்கள். கட்டட ஆய்வாளர் என்று எழுதிய ஒரு மாணவரை நான் கண்டதில்லை. அப்படி ஒரு பணி இருப்பதை நாம் சொன்னதில்லையே!

மலாக்காவில் மட்டும் மலாக்கா வரலாற்று மாநகர், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என நான்கு ஊராட்சி மன்றங்கள் உள்ளன. வரைபடத்தைச் சரிபார்ப்பதும், கட்டுமானத் தளத்துக்குச் சென்று, வரைந்தது ஒன்று கட்டுவது வேறொன்றாக இல்லாமல் பார்ப்பதும் இவற்றின் கட்டடப் பிரிவுகளின் அன்றாடப் பணி. எஸ்.பி.எம். முடித்தவர் மெர்லிமாவ் பொலிதெக்னிக்கில் கட்டுமானப் பொறியியல் படிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கட்டட அளவாய்வுக்குப் பட்டப்படிப்பே உண்டு. புள்ளிகள் உச்சத்தில் இல்லாவிட்டாலும், கூர்ந்து நோக்கும் கண்ணும், "இது சரியில்லை" என்று சொல்லும் துணிவும் உள்ள பிள்ளைக்கு ஏற்ற பணி. கையூட்டுக்கு மயங்காத நேர்மையும் வேண்டும். அதற்குத்தான் நன்னெறிக் கல்வி கற்பிக்கிறோம்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் நட்டார். இந்நாட்டின் வணிக ரப்பர்த் தோட்டத்துக்கு அதுவே தொடக்கம். அதன்பின் பெருகிய தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் சீவினர்; பிறர் கட்டிக்கொடுத்த லயத்தில், கூரை எதனால் ஆனது என்று கேட்கும் நிலையின்றி வாழ்ந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளேனும் கேட்கட்டும்.

அன்று துடைப்பம் பிடித்த மாணவர்கள் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறார்கள். அவர்களின் பெற்றோரைச் சந்தித்து நடந்ததைச் சொன்னேன். மருத்துவரிடம் செல்லும்போது இதையும் தெரிவிக்கச் சொன்னேன். சிலர் வருந்தினர், ஒருவர் கோபித்தார். கோபித்தவரின் பக்கமே நியாயம். அதே தவற்றை இன்னொரு பள்ளி செய்யாதிருக்கவே இதை எழுதினேன்.

அடுத்த கூட்டுப்பணிக்கு அழைப்பு வந்தால், சாய வாளியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். அண்ணாந்து கூரையைப் பாருங்கள்.